பெயர் எழுதாமல் விட்ட கடவு

சாம், உன் நிச்சயத்தன்று மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு நீ என்னைப் பற்றிப் பேசினாய். “எங்கம்மா எனக்காக அவங்க ஆராய்ச்சியையே விட்டவங்க” என்றாய். நிஷா வீட்டார் எல்லாரும் கை தட்டினார்கள். பாஸ்டர் தலையை ஆட்டி ஆமோதித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது அடக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். எனக்கோ, அந்த இடத்திலேயே எழுந்து “இல்லை, அது பொய்” என்று சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை அந்த நேரத்தில் சொல்லாமல் விடுவது என் பழைய குணம். அந்தக் குணத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன செவ்வாய்க்கிழமை நிஷா வந்திருந்தாள், புது வீட்டு ஜன்னல் திரைக்குத் துணி காட்ட. பேச்சோடு பேச்சாக ஹாம்பர்க் வேலை பற்றிச் சொல்லிவிட்டாள். உனக்கு அழைப்பு வந்ததையும், அவளுக்கும் போக ஆசை இருப்பதையும், நீ மட்டும் வேண்டாம் என்று எழுதப் போவதையும் சொன்னாள். “அம்மா எனக்காக எல்லாத்தையும் விட்டுட்டாங்க, அப்பாவும் இல்ல, நான் எப்படி விட்டுட்டுப் போவேன்னு சொல்றான் ஆன்ட்டி” என்றாள். சொன்ன பிறகுதான் நீ சொல்லக் கூடாதென்று சொல்லியிருந்தது நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளைக் கோபிக்காதே. அவள் சொன்னதால்தான் இருபத்தெட்டு வருடமாக நான் ஒத்திப்போட்டதை இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தை நீ போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய். முழங்கால் வரை தண்ணீரில், சுரிதார் பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு, கையில் ஒரு கூடையோடு சிரிக்கிறேனே, அந்தப் போட்டோ. அது எடுத்த இடம் புன்னைக்கடவு. நகரத்தின் வடக்கு ஓரத்தில் காயல் ஒரு ஓடையோடு சேரும் இடம். இப்போது அங்கே போக நல்ல ரோடு இருக்கிறது. அன்றைக்குத் தம்பானூரிலிருந்து ஒரு பஸ், இறங்கி இருபது நிமிட நடை, பிறகு தென்னந்தோப்பு நடுவே ஒற்றையடிப் பாதை. விடிந்தும் விடியாமலும் போய்ச் சேர்வேன். தண்ணீர் வற்றிய நேரம் பார்த்துப் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கிக் காலால் துழாவி மட்டிச் சிப்பி எடுப்பார்கள். இங்கே அதைக் கக்கா என்பார்கள், உனக்குத் தெரியும். ஒரு பாத்திரத்தைக் கயிற்றால் இடுப்பில் கட்டி மிதக்கவிட்டு, எடுத்ததை அதில் போட்டுக்கொண்டே பேசுவார்கள், சண்டை போடுவார்கள், பாடுவார்கள். காயல் முழுக்க அவர்கள் குரல் கேட்கும். பரிசோதனைக்கு மட்டி வாங்க வந்த என்னையும் ஒரு வாரத்திலேயே தண்ணீரில் இறக்கிவிட்டார்கள்.

இறக்கிவிட்டவள் ஸ்டெல்லா அக்கா. குளச்சல் பக்கத்துக் கடற்கரையிலிருந்து இங்கே கல்யாணமாகி வந்தவள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். நான் பாறசாலைக்காரி, தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்ததும் அவளுக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. “கரையில நின்னு படிச்சா கக்காவப் பத்தி என்ன பிள்ளே தெரியும்? எறங்கு” என்றாள். மண்ணுக்குள் மட்டி இருப்பதைப் பாதத்தால் கண்டுபிடிக்க எனக்குச் சொல்லித் தந்தவள் அவள்தான். முதல் நாள் இரண்டு மணி நேரத்தில் நான் எடுத்தது பதினொன்று. அதில் நாலு வெறும் ஓடு. அதை வைத்து ஒரு மாதம் சிரித்தார்கள்.

நான் செய்துகொண்டிருந்த வேலையை உனக்கு ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. தண்ணீரில் காட்மியம் மாதிரிக் கன உலோகங்கள் கலந்தால், அங்கே வாழும் மட்டியும் மீனும் அதை உடம்பில் ஏற்றிக்கொள்ளும். ஏறிய உலோகத்தைப் பிடித்துக் கட்டிவைக்க அவற்றின் உடம்பு ஒரு சின்னப் புரதத்தை அதிகமாக உண்டாக்கும். மெட்டலோதயோனின் என்று பெயர். நல்ல தண்ணீரில் வாழ்கிற மட்டியிலும் அது கொஞ்சம் இருக்கும். உலோகம் கூடக் கூட அதுவும் கூடும். பார்த்தால் மட்டிக்கு ஒன்றும் இருக்காது, கொழுகொழுவென்று இருக்கும், ருசியும் மாறாது. ஆனால் அதன் செரிமானச் சுரப்பியை அரைத்து அந்தப் புரதத்தை அளந்தால், அது எப்படிப்பட்ட தண்ணீரில் இருந்து வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அளக்கிற முறையும் எனக்குப் பிடித்தமானது. அரைத்ததைச் சூடாக்கினால் மற்றப் புரதங்கள் எல்லாம் பால் திரிவது போல் திரிந்து அடியில் போய்விடும். இது மட்டும் திரியாமல் கரைந்தபடியே மேலே தெளிந்த நீரில் நிற்கும். அந்தத் தெளிவை எடுத்து ஒரு மருந்தைச் சேர்த்தால் மஞ்சள் நிறம் வரும். புரதம் அதிகமானால் மஞ்சளும் அழுத்தமாகும்.

உன் அப்பா அப்போது தம்பானூர் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் இருந்தார். மீன் பார்சல் வந்து பிரித்த பழைய தெர்மோகோல் பெட்டிகளை எனக்காகக் கழுவி எடுத்து வருவார். ஐஸில் வைத்த மட்டியோடு ஸ்கூட்டரில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே அந்தப் பெட்டி உட்கார்ந்திருக்கும். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. “நமக்கு நடுவுல எப்பவும் ஒரு மீன் பெட்டி” என்பார். ஐஸ் உருகி அவர் பேன்ட் பின்பக்கம் நனைந்துவிடும், அப்படியே ஆபீசுக்குப் போவார். என்னைப் பல்கலைக்கழகத் துறை வாசலில் இறக்கிவிட்டு, பெட்டியை நான் பத்திரமாகப் பிடித்திருக்கிறேனா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார். இன்றைக்கு யோசித்தால் அந்த ஒரு வருடம்தான் என் வாழ்க்கையில் எல்லாம் ஒரே நேரத்தில் இருந்த வருடம். வேலை இருந்தது, அவர் இருந்தார், ஸ்டெல்லா அக்கா இருந்தாள், கொஞ்ச நாளில் நீயும் வயிற்றில் வந்தாய்.

நாலு இடங்களிலிருந்து மட்டி எடுத்தேன். மூன்று இடத்து மட்டியில் இளமஞ்சள். புன்னைக்கடவு மட்டியில் மட்டும் மஞ்சள் கெட்டியாக வந்தது. அந்த ஓடையின் மேற்பக்கம் உலோகங்களுக்கு முலாம் பூசும் ஆலை ஒன்று இருந்தது. அதன் கழிவு நீர் ஓடையில்தான் விழுந்தது. என் வழிகாட்டியான சார் தாள்களைப் பார்த்துவிட்டு, “அவசரப்படாதே. முட்டையிடும் காலத்திலும் இது கூடும், உப்பு குறைந்தாலும் மாறும். ஓடை நீர் கலக்கும் இடம் வேற” என்றார். நியாயமான சந்தேகம்தான். அதைத் தீர்க்க ஒரு வழி இருந்தது. சுத்தமான இடத்து மட்டியை வலைப் பையில் போட்டுப் புன்னைக்கடவில் கட்டி வைத்தேன். புன்னைக்கடவு மட்டியைச் சுத்தமான இடத்தில் வைத்தேன். ஓடையின் உப்பு அளவே உள்ள, ஆனால் ஆலை இல்லாத வேறொரு ஓடை வாயிலும் சுத்தமான மட்டி ஒரு பை. பைகளைக் கம்பில் கட்டித் தந்ததும், யாரும் அவிழ்க்காமல் காவல் பார்த்ததும் ஸ்டெல்லா அக்கா. ஆறு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது சந்தேகத்துக்கு இடமே இல்லை. புன்னைக்கடவுக்கு வந்த சுத்தமான மட்டியில் புரதம் ஏறியிருந்தது. அங்கிருந்து போனதில் மெல்லக் குறைந்திருந்தது. இன்னொரு ஓடையில் வைத்தது அப்படியே இருந்தது. மட்டியின் சதையில் காட்மியத்தையும் அளந்து பார்த்தோம். அதுவும் அதையேதான் சொன்னது.

அன்று நான் துள்ளிக் குதித்தேன், சாம். இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. அந்த மட்டியைத் தினமும் தின்கிறவர்கள் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அவர்கள் வீட்டில் நானும் தின்றிருக்கிறேன். ஆனாலும் முதலில் வந்தது சந்தோஷம். என் சோதனை பலித்துவிட்டதே என்ற சந்தோஷம். பயம் வந்தது மறுநாள்தான். அப்போது நீ வயிற்றில் இரண்டு மாதம்.

கட்டுரை எழுதும்போது சார் பேனாவால் ஒரு வார்த்தையை அடித்தார். “புன்னைக்கடவு வேண்டாம். ஸ்டேஷன் மூணுன்னு போடு. அறிவியலுக்கு இடத்தோட பேர் முக்கியமில்ல” என்றார். அவர் கெட்டவர் இல்லை. முன்பு ஒருமுறை ஏதோ ஒரு ஆலையின் பெயரை எழுதிக் கோர்ட்டு வாசலில் வருடக்கணக்காக நின்றவர். “கட்டுரை வரட்டும். உன் பட்டம் கையில வரட்டும். அப்புறம் சொல்லலாம். நானே கூட வர்றேன்” என்றார். நான் சரி என்றேன். அவர் வற்புறுத்தினார் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். எனக்கும் பட்டம் வேண்டியிருந்தது. நாலு இடத்தையும் எண்களாக்கித் தட்டச்சு செய்து கொடுத்தேன். புன்னைக்கடவு மூன்றாவது.

நான் உண்டாகியிருப்பது தெரிந்ததும் ஸ்டெல்லா அக்கா எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். கரமனையில் அப்போது வாடகைக்கு இருந்தோம். வாரத்தில் இரண்டு நாள் அந்தப் பக்கம் தெருத்தெருவாக மட்டி விற்க வருவாள். விற்ற பிறகு என் வீட்டு வாசலில் கூடையை இறக்கி, அதிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் தருவாள். தேங்காய்க் கொத்தும் நல்லமிளகும் போட்டு வறுத்த மட்டி. “வயித்துப் பிள்ளைக்காரிக்கு இத விட ஒண்ணும் வேண்டாம். தின்னணும், கேட்டியா?” என்பாள். தண்ணீர் குடித்துவிட்டுப் போவாள். அவள் தெரு முனை திரும்பியதும் நான் பின்பக்கம் போய் அதை வாழை மூட்டில் கொட்டுவேன். அடுத்த முறை டப்பாவைக் கழுவித் தருவேன். “நல்லா இருந்துச்சு அக்கா” என்பேன். நாலு மாதம், சாம். நாலு மாதம் அப்படிச் செய்தேன். உன்னைக் காப்பாற்றிக்கொண்டேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டுரை வரட்டும், கட்டுரை வரட்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கட்டுரையும் வந்தது, ஒரு கருத்தரங்கத் தொகுப்பில். அதன் பிறகு பட்டம் வரட்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

ஏழாம் மாதத்தில் ஒருநாள் மீதி வலைப் பைகளை வாங்கி வர அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா அக்காவின் மகள் லில்லி. முதல் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். என் வயிறும் அவள் வயிறும் ஒரே அளவு. அவள் தட்டில் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்தது மட்டி. “டீச்சரக்கா, வாங்க, இரியுங்க” என்று நகர்ந்து இடம் விட்டாள். “ஒரு மாசமா அம்மை இதத்தான் தருது. வேற ஒண்ணும் எறங்கல்லே எனக்கு” என்றாள். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. பைகளை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஒற்றையடிப் பாதையில் நடந்து, ரோட்டுக்கு வந்து, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். ஒரு பஸ் வந்தது. ஏறவில்லை. நீ உள்ளே ஒரு புரள் புரண்டாய். இரண்டாவது பஸ் வந்தது. கண்டக்டர் “வருதில்லியா?” என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்த வழியே திரும்பி நடந்தேன். அவ்வளவு வெயிலில் அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடந்ததில்லை.

ஸ்டெல்லா அக்கா கிணற்றடியில் இருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆலை, ஓடை, காட்மியம், மஞ்சள் நிறம், எல்லாம். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு உள்ளே போய் லில்லியின் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்துவிட்டு வந்தாள். பிறகு கேட்டாள்.

“எப்பம் தெரியும் ஒனக்கு?”

“நாலு மாசமாச்சு அக்கா.”

“நான் தந்தத ஒரு நாளும் நீ தின்னல்லே.”

“இல்ல அக்கா.”

“எனக்குத் தெரியும் பிள்ளே. ஒன் வீட்டுப் பின்னால வாழ மூட்டுல காக்கா கொத்துதத நான் கண்டேன். ரெண்டாம் வாரமே கண்டேன்.” அவள் குரல் உயரவே இல்லை. “படிச்ச பிள்ள, எங்க கை அவளுக்கு அருவருப்பா இருக்கும்னு நெனச்சேன். இருந்துட்டுப் போட்டும்னு பின்னையும் கொண்டு வந்தேன். தின்னுததும் தின்னாததும் ஒன் காரியம், தருதது என் காரியம். அருவருப்புன்னா நான் பொறுத்திருப்பேன். இது அது இல்லியே. ஒன் பிள்ளைக்கு ஆவாதுன்னு கொட்டியிருக்கே. என் பிள்ள தின்னா பரவாயில்ல.”

“அப்படி நினைக்கல அக்கா” என்றேன். அது உண்மை. நான் அப்படி நினைக்கவில்லை. லில்லியைப் பற்றி நினைக்கவே இல்லை. அதுதான் இன்னும் மோசம் என்று அப்போதே தெரிந்தது.

“போ. வெயிலு. குடைய எடுத்துட்டுப் போ” என்று தன் குடையைத் தந்தாள். அந்தக் கோபத்திலும் தந்தாள்.

இரண்டு வாரம் அவள் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை. பிறகு ஒரு காலையில் ஆய்வுக்கூட வாசலில் நின்றாள், கூட இரண்டு பெண்கள். “காட்டித் தா” என்றாள். எங்கள் ஆய்வுக்கூடத்துக்குள் மட்டி எடுக்கிற யாரும் அதுவரை வந்ததில்லை. வராந்தாவில் நின்றவர்களை உள்ளே அழைத்துச் சோதனையைச் செய்து காட்டினேன். வேறு ஓடை மட்டி, புன்னைக்கடவு மட்டி, பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில். மருந்து விட்டதும் ஒன்று லேசாக மஞ்சளித்தது. மற்றது நல்ல மஞ்சளாக நின்றது. மூன்று பேரும் குனிந்து அதையே பார்த்தார்கள். அவர்களில் மூத்தவள், “இவ்வளவும் நம்ம வயித்துக்குள்ளயா?” என்று கேட்டாள். இது மட்டி தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்கினது, மனித உடம்பில் எவ்வளவு போயிருக்கும், என்ன செய்யும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது என்றேன். “பின்னெ யாரு சொல்லுவா?” என்றாள். இன்றுவரை அதை யாரும் சொல்லவில்லை.

அவர்கள் மனு எழுதினார்கள். அதோடு வைக்க என் கட்டுரையின் நகல் ஒன்று கேட்டார்கள், கொடுத்தேன். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு என்னையும் கூப்பிட்டுப் போனார்கள். எட்டு மாத வயிற்றோடு படியேறினேன். அந்த அதிகாரி நல்லவிதமாகவே பேசினார். கட்டுரையைப் பொறுமையாகப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை போய்விட்டு நிமிர்ந்து, “இதில் புன்னைக்கடவு எங்கே இருக்கிறது?” என்று மலையாளத்தில் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “ஸ்டேஷன் மூன்று” என்றேன். “அது நீங்கள் சொல்கிறீர்கள். இதில் எழுதியில்லையே” என்றார். உண்மைதான். என் கையால் எடுத்த மட்டி, ஸ்டெல்லா அக்கா காவல் காத்த பைகள், ஒரு வருட உழைப்பு, எல்லாம் அந்தத் தாளில் இருந்தது. அந்த மக்களுக்கு வேண்டிய ஒரு வார்த்தை மட்டும் இல்லை.

அவரிடமே ஒரு வெள்ளைத் தாள் வாங்கினேன். ஸ்டேஷன் மூன்று என்பது புன்னைக்கடவு, மட்டிகளை அங்கே எடுத்ததும் வைத்ததும் நான், அதற்குச் சாட்சி இந்தப் பெண்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது ஸ்டெல்லா அக்கா என் முழங்கையைப் பிடித்துப் படியிறக்கினாள்.

சாரை விளக்கம் கேட்டு அழைத்தார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாமே” என்றார். அவ்வளவுதான். அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கலாம் என்று நானும் நினைக்கிறேன். அடுத்த முறை என் உதவித்தொகை நீட்டிப்புக்கு அவர் கையெழுத்துப் போடவில்லை. வேறு வழிகாட்டி தேடினேன், யாரும் எடுத்துக்கொள்ளத் துணியவில்லை. என் ஆய்வேடு பாதியில் நின்றது. நீ பிறந்து நாலாம் மாதம் எல்லாம் முடிந்துபோனது. அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கப் போனேன்.

ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் “ஏன் விட்டே?” என்று கேட்டார்கள். நடந்ததைச் சொல்லத் தொடங்கினால் டப்பாவில் வந்த மட்டியிலிருந்து சொல்ல வேண்டும். மடியில் நீ இருந்தாய். “பிள்ளைக்காக” என்றேன். அவர்கள் முகத்தில் வந்த மரியாதையைப் பார்த்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது. அடுத்தவர் கேட்டபோதும் அதையே சொன்னேன். நீ வளர்ந்து கேட்டபோதும் அதையே சொன்னேன். உன் அப்பா ஒருமுறை, ஒரே ஒருமுறை, “அந்தப் பாரத்த ஏன் பிள்ள தலையில வைக்கே?” என்று கேட்டார். அவன் பெரியவனாகட்டும், சொல்கிறேன் என்றேன். பார், மறுபடியும் அதே பேச்சு. உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இதில் மட்டும் என்னைப் போல் இருக்காதே. நிஷாவிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்று தோன்றினால் அன்றைக்கே சொல்லிவிடு. நல்ல நேரம் பார்த்துக் காத்திருந்தால், காத்திருக்கிற நாளெல்லாம் விஷம் இன்னொருத்தர் வயிற்றில் போய்க்கொண்டிருக்கும்.

லில்லிக்குப் பெண் பிறந்தது. உனக்கு ஒன்பது நாள் மூத்தவள், ஜெனி. நீ பிறந்து பத்தாம் நாள் ஸ்டெல்லா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூடை இல்லை, டப்பா இல்லை. உன்னை மடியில் வாங்கி விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். “இவனும் கொள்ளாம்” என்றாள். நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். அந்த “இவனும்” எனக்குப் புரிந்தது. அன்றுமுதல் ஒரு இரண்டு வருடம், வழியில் எங்கே பார்த்தாலும், “நம்மவ கவுந்துட்டா”, “நம்மவ எந்திச்சு நின்னா”, “அம்மைன்னு சொன்னா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாள். நானும் உன்னைப் பற்றி அதே போல் சொல்வேன். வேறு பேச்சே கிடையாது. ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டதும் இல்லை, தந்ததும் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தினம் தினம் நிச்சயப்படுத்திக்கொண்டோம். நீ முதல் முறை நடந்த அன்று நான் அழுததை அப்பா சந்தோஷம் என்று எல்லாரிடமும் சொன்னார். சந்தோஷமும்தான்.

ஆலை இரண்டு வருடத்தில் அங்கிருந்து எடுக்கப்பட்டது. என் ஒரு தாளால் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெண்கள் எத்தனையோ முறை அந்தப் படிகளில் ஏறினார்கள். அடிச்சேற்றில் உள்ளது அவ்வளவு சீக்கிரம் போகாது. இப்போதும் சிலர் அங்கே மட்டி எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். போன மாதம் இங்கே உள்ள ஒரு கல்லூரி ஆசிரியைக்கு, என் பழைய மாணவி, பைகளைக் கட்டிய இடங்களை வரைபடம் போட்டு அனுப்பினேன். பெயர்களோடு.

இன்று காலை ஸ்டெல்லா அக்காவைப் பார்க்கப் போனேன். இருபது வருடம் இருக்கும் பார்த்து. முழங்கால் போய்விட்டது, உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறாள். குரலை வைத்தே என்னை அடையாளம் கண்டுகொண்டாள். ஜெனி மஸ்கட்டில் நர்சாக இருக்கிறாளாம், போய் நாலு வருடம். “போகும்போ நான் அழுது கரஞ்சேன். லில்லியும் கரஞ்சா. போவாதேன்னு ஒருத்தரும் சொல்லல்லே” என்றாள். உன்னைக் கேட்டாள். இங்கேதான் இருக்கிறான், வெளிநாட்டு வேலையை எனக்காக வேண்டாம் என்கிறான், நான் அவனுக்காகப் படிப்பை விட்டேன் என்று நம்புகிறான் என்றேன்.

“அவன்கிட்டயும் சொல்லல்லியா நீ?” என்றாள்.

வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல் தாளை எடுத்தேன்.

சாம், மக்களே, உனக்காக நான் எதையும் விடவில்லை. ஆராய்ச்சியை இழந்தது, முதலில் சொல்லாமல் இருந்த ஒரு தப்பாலும், பிறகு சொன்ன ஒரு நல்ல காரியத்தாலும். இரண்டும் என்னுடையவை. நீ அதற்கு நடுவில் பிறந்தாய், அவ்வளவுதான். பள்ளிக்கூட வேலை எனக்குப் பிடித்திருந்தது. அப்பா இல்லாத வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பயம் உண்டு, அதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்தை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹாம்பர்க்கில் இரண்டு வருடமோ பத்து வருடமோ, உனக்கும் நிஷாவுக்கும் எது சரியோ அதைச் செய்யுங்கள். போக வேண்டாம் என்று உனக்கே தோன்றினால் போகாதே. காரணமாக என் பெயரைச் சொல்லாதே.

இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரலாம். நிச்சயத்தன்று அத்தனை பேர் முன்னால் உன்னைப் பேசவிட்டுச் சும்மா இருந்தேனே என்று கேட்கலாம். கேள். நான் வீட்டில்தான் இருப்பேன். ஆனால் மாதக் கடைசிக்குள் அவர்களுக்குப் பதில் போக வேண்டும் என்று நிஷா சொன்னாள். முதலில் அதை எழுதி அனுப்பு. பிறகு என்னைக் கூப்பிடு.

அம்மா